மணம் போவதற்குள் சந்தை

தெற்குப் பிரான்சின் சிற்றூர்கள் ஜனவரியில் வெறிச்சோடிக் கிடக்கும். திராட்சைக் கொடிகள் மொட்டையாக நிற்கும், சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் வாரம் முழுக்கச் சந்தை கூடுகிறது. திங்களன்று தொர்தோன் மாவட்டத்தின் சேன்ட் அல்வேர், செவ்வாயன்று லோ மாவட்டத்தின் லால்பாங்க், வியாழனன்று வார் மாவட்டத்தின் ஓப்ஸ், வெள்ளியன்று கார்பான்த்ரா, சனியன்று ரிஷராஞ்ச். இந்தச் சந்தைகளை நடத்தி வைப்பது ஒரே பொருள்தான்: கருப்பு ட்ரஃபிள். மண்ணுக்கடியில் விளையும் ஒரு பூஞ்சையின் கனி. கிலோ ஆயிரம் யூரோவைத் தாண்டும் ஆண்டுகள் உண்டு.

லால்பாங்கில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னக் கூடைகளை வைத்திருப்பார்கள். எதிரே ஒரு கயிறு. விசில் அடிக்கும்வரை வாங்குபவர்கள் அதைத் தாண்டக் கூடாது. அதன்பின் கூச்சல் எதுவும் எழாது. குனிந்து முகர்ந்து பார்ப்பார்கள், பேரத்தைக் காதோடு காதாக முடிப்பார்கள். ரிஷராஞ்சில் கூடையும் இல்லை. கார்களின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு வியாபாரம் நடக்கிறது, பணம் கைமேல். எங்கே விற்றாலும் கத்தியால் தோலை இலேசாகச் சீவி உள்ளே பார்ப்பது வழக்கம். கருஞ்சதையில் வெள்ளை நரம்புகள் ஓடினால் முற்றிய சரக்கு. வெளிறிக் கிடந்தால் பிஞ்சு. கத்திக்கும் சிக்காமல் ஏமாற்றக்கூடிய ஓர் உறவினர் சீனாவிலிருந்து வருகிறார். நிறத்திலும் நரம்பிலும் ஏறக்குறைய அச்சு அசல், மணம்தான் சொற்பம். ஆகவே மூக்குக்கு வேலை இரட்டிப்பு.

வாரம் தவறாமல் சந்தை கூடுவதற்குக் காரணம் ட்ரஃபிளின் ஆயுள். தோண்டி எடுத்த பிறகும் அது உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. மூச்சோடு ஈரமும் மணமும் போய்க்கொண்டே இருக்கும். பத்து நாளைக்குள் தட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் முளைக்கும் சாதாரணக் காளான் குடையை விரித்து, தன் சிதல்களைக் காற்றில் தூவிவிடும். சிதல் என்பது பூஞ்சைக்கு விதை மாதிரி. ட்ரஃபிளுக்கு அந்த வசதி இல்லை; சில அங்குல ஆழத்திலேயே பிறந்து, அங்கேயே முற்றுகிறது. சிதல்கள் வெளியே போக வேண்டுமானால் யாராவது தோண்டித் தின்று, வேறோர் இடத்தில் எச்சமிட வேண்டும். காட்டுப்பன்றியையும் எலியையும் விருந்துக்கு அழைக்கும் ஓலைதான் அந்த மணம். சிதல்கள் முற்றிய பிறகே அது முழு வேகத்தில் எழும். அந்தப் பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

அந்த அழைப்பில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது? ஆண்பன்றியின் உடலில் சுரக்கும் ஆண்ட்ரோஸ்டீனால் ட்ரஃபிளிலும் இருப்பதாக 1981-இல் தெரியவந்தது. பெண்பன்றி மயங்கித் தோண்டுவது அதனால்தான் என்ற கதை வேகமாகப் பரவியது; சுவையான கதை என்பதால் இன்றும் பரவுகிறது. 1990-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு அதைச் சோதித்தது. ஆண்ட்ரோஸ்டீனாலைப் புதைத்த இடத்தை விலங்குகள் சட்டை செய்யவில்லை. டைமெத்தில் சல்ஃபைடு புதைத்த இடத்தைத் தோண்டின. முட்டைக்கோஸ் வேகும்போது எழுகிற அதே கந்தக வாசம். இன்று தேடலுக்குப் பெரும்பாலும் நாய்களைத்தான் கூட்டிப் போகிறார்கள். நாய்க்கு ஒரு பிஸ்கட் போதும். பன்றியோ கண்டெடுத்ததைத் தானே விழுங்கப் பார்க்கும்.

விலங்கே தேவையில்லாத ஒரு வழியும் உண்டு. ட்ரஃபிளில் முட்டையிடும் ஓர் ஈ, சரியாக அதற்கு மேலேயுள்ள தரையில் உட்கார்ந்திருக்கும். வெயிலடிக்கும் குளிர்நாளில் சூரியனைப் பார்த்தபடி மெல்ல நடந்து, குச்சியால் தரையை வருடிக்கொண்டே போனால் ஈ எழும்பும். எழுந்த இடத்தில் மண்டியிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளி முகர வேண்டும்.

ட்ரஃபிள் தனியாக வாழாது. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் நுனிவேர்களை அதன் இழைகள் உறைபோல் போர்த்திக்கொள்ளும். ஓர் இழையின் தடிமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வேர் நுழைய முடியாத மண்துளைக்குள்ளும் நுழைந்து நீரும் தாதுவும் கொண்டுவரும். மரம் பதிலுக்குச் சர்க்கரை தரும். இந்தக் கூட்டுக்கு வேர்ப்பூஞ்சை என்று பெயர். ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க் 1885-இல் இதை விளக்கினார். பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்த வேலை வேறு: ட்ரஃபிளைப் பயிரிட வழி கண்டுபிடி என்றார்கள். வழி கிடைக்கவில்லை. ஆனால் உலகின் பெரும்பாலான தாவரங்களுக்கு வேரில் ஒரு பூஞ்சைக் கூட்டாளி உண்டு என்ற அறிவு அங்கிருந்துதான் கிளைவிட்டது.

பூஞ்சை குடியேறிய மரத்தைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். அடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் கருகிப்போய், தீ வைத்தது மாதிரி தரை வெறுமையாகத் தெரியும். மற்ற செடிகளைப் பூஞ்சை ஒடுக்குவதன் தடயம் அது.

குடும்ப வாழ்க்கைதான் இதில் பெரிய புதிர். 2010-இல் கருப்பு ட்ரஃபிளின் மரபணுத் தொகுதியைப் பிரெஞ்சு, இத்தாலிய ஆய்வாளர்கள் படித்து வெளியிட்டார்கள். பூஞ்சைக்கு இரண்டு பாலினங்கள் உண்டு, கனி பிறக்க இரண்டும் சேர வேண்டும் என்பது அப்போது உறுதியானது. வேரைப் போர்த்தியிருப்பது தாய். நாம் சீவித் தின்னும் சதை முழுக்கத் தாயின் உடல். தந்தையின் மரபணு சிதல்களுக்குள் மட்டும் இருக்கிறது. அந்தத் தந்தை எங்கே குடியிருக்கிறார்? அதே மரத்தின் வேர்களில் அவரைத் தேடினால் அநேகமாக அகப்படுவதில்லை. ஒரு பருவத்துக்கு வந்து போகிறவராகத் தெரிகிறார்.

இவ்வளவு சிக்கலான ஒன்றை, எதுவும் தெரியாத காலத்திலேயே ஒரு குடியானவர் வழிக்குக் கொண்டுவந்தார். வோக்ளூஸ் மாவட்டத்தின் ஜோசஃப் தலோன், 1800-களின் தொடக்கத்தில், ட்ரஃபிள் விளைந்த ஓக் மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளை நட்டார். வளர்ந்த மரங்களின் அடியிலும் ட்ரஃபிள் கிடைத்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, காலியான நிலங்களில் ஓக் நட்டார்கள். 1900 வாக்கில் விளைச்சல் ஆயிரம் டன் அளவை எட்டியதாக மதிப்பிடுகிறார்கள். பிறகு இரண்டு உலகப்போர்கள், கிராமங்களை விட்டு வெளியேறிய மக்கள், புதர் மண்டிய தோப்புகள். இப்போது பிரான்சின் விளைச்சல் சில பத்து டன்கள்தான், அதுவும் 1970-களில் வந்த தொழில்நுட்பத்தின் தயவில்: நாற்றங்காலிலேயே ஓக் கன்றின் வேரில் பூஞ்சையை ஏற்றி விற்கிறார்கள். அந்தக் கன்று காய்க்கவும் ஐந்து முதல் பத்து ஆண்டு ஆகலாம். காய்த்தாலும் கோடை மழை பொய்த்தால் குளிர்காலக் கூடை காலி. கனி வசந்தத்தில் கருவாகி, ஜூலை, ஆகஸ்ட் வெயிலை மண்ணுக்குள் தாண்டியாக வேண்டும்.

எனவே ரிஷராஞ்ச்காரர்கள் மாதாகோவிலையும் விட்டுவைக்கவில்லை. 1952 முதல் ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று ட்ரஃபிள் பூசை நடக்கிறது. காணிக்கைக் கூடையில் காசுக்குப் பதிலாக ட்ரஃபிளைப் போடுவார்கள். பூசை முடிந்ததும் அதை ஏலம் விட்டு, வந்த பணம் கோவிலுக்குப் போகும்.

பிரார்த்தனையோடு இன்னொரு வேலையையும் செய்கிறார்கள். மரத்தடியில் சிறு குழிகள் தோண்டி, முற்றிய ட்ரஃபிளை நசுக்கி வளமான மண்ணோடு கலந்து நிரப்புகிறார்கள். சில தோட்டங்களில் இப்போது கனிகள் அந்தக் குழிகளுக்குள்ளேதான் அதிகம் கிடைக்கின்றன. காணாமல் போன தந்தை அந்தச் சிதல்களோடு வந்து சேர்கிறார் என்பது ஒரு விளக்கம். மண் இளகி, ஈரம் தங்குவதுதான் காரணம் என்பது இன்னொன்று. விவசாயிகள் தீர்ப்புக்காகக் காத்திராமல் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.