பக்கத்து ஊர்க் காடும் நம் மையவாடியும்



கடந்த அரையாண்டு விடுமுறையில், நமது அறக்கட்டளையின் மாலை மக்தபில் ஓதும் பிள்ளைகளை இரண்டு இடங்களுக்கு அழைத்துச் சென்றோம். ஒன்று, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மற்றொன்று, நமதூரிலிருந்து நடந்தே போகக்கூடிய பக்கத்துக் கிராமத்தின் கோயில் காடு. முதல் இடத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது இடத்தின் பெயரைச் சொன்னதும் போன் வரத் தொடங்கியது. "பிள்ளைகளைக் கோயிலுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஒரு சகோதரி நேராகவே கேட்டுவிட்டார். ஈமான் விஷயத்தில் ஒரு தாய் அப்படிக் கேட்பதுதான் முறை. அவருக்கு அன்று போனில் சொன்ன பதிலையும், போய் வந்த பிறகு எங்களுக்கே ஏற்பட்ட சங்கடத்தையும் எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிவிக்கவே இதை எழுதுகிறோம்.

இந்த யோசனை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் மக்தபில் உஸ்தாத் பிள்ளைகளிடம், நமதூரைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் யாருடையது என்று கேட்டார். பத்து வயதுப் பையன் ஒருவன் சட்டென்று எழுந்து, "மையவாடி நம்மளோடது, பள்ளிவாசல் நம்மளோடது, கண்மாய் அவங்களோடது" என்றான். மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அந்தக் கண்மாயில் நீர் நின்றால்தான் நம் தெருக் கிணறுகளிலும் போர்களிலும் தண்ணீர் ஊறும். நம்முடைய அத்தாமார்கள் அதில் குளித்து, ஒளுச் செய்து, கரையிலேயே அஸர் தொழுதிருக்கிறார்கள். ஒரே தலைமுறையில் அது 'அவங்க' கண்மாய் ஆகிவிட்டது. பையன் மேல் குறையில்லை. வீட்டில் நாம் பேசுவதைத்தான் அவன் சொன்னான்.

வேட்டங்குடிக்குப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 1977ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள்தான் சரணாலயம். மழைக்காலம் பிறந்ததும் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகள் வரும் காலமும் தீபாவளியும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. அந்தப் பழக்கம் ஊர்க் கட்டுப்பாடாகவே நிலைத்துவிட்டது. வனத்துறையினர் நன்றி சொல்லும் விதமாக அங்குள்ள பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பதும் வழக்கம். பெருநாளன்று நம் பிள்ளைகளிடம் பட்டாசு, துப்பாக்கி எதுவும் கூடாது என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு, ஓர் ஊரே அதை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உஸ்தாத், சூரா அல்அன்ஆமின் 38வது வசனத்தை ஓதிக் காட்டினார். பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது அதன் கருத்து. இந்த வசனத்தைப் பிள்ளைகள் மக்தபில் ஏற்கெனவே ஓதியிருக்கிறார்கள். ஆனால் 'உமமுன்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. அன்று மரம் நிறைய நாரைகளைப் பார்த்த பிறகுதான் கேட்டார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்றும்வரை பல ஊர்க் கண்மாய்களில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. ஊர்க் கூட்டம் நாள் குறிக்கும். அன்று அதிகாலை ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊத்தாவும் கச்சாவும் தண்ணீரில் இறங்கும். சாதி, மதம் பார்க்காமல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் சமைத்துத்தான் சாப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மழை அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பது நம்முடைய அகீதா, அதில் மாற்றமில்லை. ஆனாலும் எல்லாரும் காத்திருந்து, எல்லாரும் ஒரே நாளில் பங்கிட்டுக் கொள்வதென்ற அந்த ஏற்பாடு இருக்கிறதே, அதற்கு நம்மிடமும் ஒரு பெயர் உண்டு. அதுதான் ஹிமா.

ஹிமா என்றால் பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலம். இஸ்லாத்துக்கு முன்பு அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தங்களுக்கென்று வளைத்துக்கொண்டு, அதற்கு ஹிமா என்று பெயர் வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் உரியது, அதாவது பொதுவுக்கு உரியது, என்று ஆக்கினார்கள். மதீனாவுக்கு அருகே நகீஉ என்ற இடம் அப்படிக் காக்கப்பட்டது. மதீனா நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியையே மரம் வெட்டக் கூடாத, வேட்டையாடக் கூடாத ஹரமாக அறிவித்தார்கள்.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி புகாரியில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தபோது, கொஞ்சம் ஒட்டகமோ கொஞ்சம் ஆடோ வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் கால்நடைகளை விட வேண்டாம் என்றார்கள். அந்த இருவருக்கும் கால்நடை செத்தாலும் பேரீச்சந்தோட்டமும் விவசாயமும் இருக்கின்றன. ஏழைக்கு அந்த நாலு ஆடுதான் எல்லாமே. சஹாபாக்களிலேயே மிகப் பெரிய செல்வந்தர்கள் இருவரின் பெயரைச் சொல்லியே தடுத்திருக்கிறார்கள்! நமதூர் ஜமாஅத்தில் இன்று அப்படிப் பெயர் சொல்ல யாருக்காவது துணிச்சல் வருமா என்பது வேறு விஷயம்.

அண்டைச் சமூகங்களைப் பற்றிச் சொல்லும்போது எல்லாமே அழகாக இருந்ததாகப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் மடையைத் திறந்து, நீரைப் பங்கிட்டு வயலுக்கு வயல் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதே ஊரின் குடிநீர் ஊருணியில் அவர்கள் குடத்தை இறக்க முடியாமல் இருந்த காலமும் உண்டு. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் குறையும் கொஞ்சமல்ல. குர்பானிக் கழிவு எங்கே போகிறது, ரமளானில் நோன்புக் கஞ்சி குடித்த பிளாஸ்டிக் கப்புகள் எந்த ஓடையில் மிதக்கின்றன என்பது நமதூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இனி கோயில் காட்டுக்கு வருவோம்.

அங்கே போவதற்கு முன் இமாம் ஹஜ்ரத்திடம் மசாயில் கேட்டோம். வணக்க வழிபாடு நடக்கும் நேரத்தில் போகக் கூடாது, அங்கே தரப்படும் பிரசாதம் எதையும் பெறக் கூடாது, மற்றபடி அல்லாஹ் படைத்த மரங்களைப் பார்ப்பதிலும், அதைக் காக்கிறவர்களிடம் பேசுவதிலும் தடையில்லை என்றார்கள். மரியாதை செய்வது வேறு, வணங்குவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பத்து வயதில் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளை இரண்டு பக்கமும் தவறாது. பக்கத்து வீட்டுக்காரரை ஏளனமாகவும் பேசாது, தன் தீனிலும் தடுமாறாது. போனில் கேட்ட சகோதரியிடம் இதைத்தான் சொன்னோம். அவர் தம் மகனை அனுப்பி வைத்தார்.

காட்டின் எல்லையில் கிராமத்துப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை என்றார். பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். யாருடைய வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோமல்லவா என்று சொல்லி நாங்கள் கழற்றினோம். இது சரியில்லை என்று பிறகு இரண்டொரு சகோதரர்கள் சொன்னார்கள். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். ஆனாலும் அன்று செய்ததில் எங்களுக்கு வருத்தமில்லை.

உள்ளே நல்ல குளிர்ச்சி. வெளியே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்க, உள்ளே உசிலை, வேம்பு, ஆல், பெயர் தெரியாத கொடிகள். காய்ந்து விழுந்த குச்சியைக்கூட அடுப்புக்கு எடுப்பதில்லை என்றார் பெரியவர். "சாமி குத்தம் ஆயிரும்ப்பா" என்றார் சாதாரணமாக. ஒரு பிள்ளை சிரித்தது. உஸ்தாத் கண்ணைக் காட்டி அடக்கினார். அந்தப் பயம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பயமிருந்ததால் நின்ற மரங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. இப்படிப்பட்ட காடுகளின் அருமை இப்போது அரசுக்கும் தெரிந்திருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சமணர் படுகையும் பாண்டியர் காலச் சிவன் குடைவரையும் உள்ள மலை அது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர் வட்டார மக்கள் மதுரைக்கு நடந்தே வந்து எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான வீரகோவில் காடு, 2025ல் இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது.

திரும்பி வரும் வழியில்தான் அந்தக் கேள்வி வந்தது. கண்மாய் அவங்களோடது என்று சொன்ன அதே பையன் கேட்டான்: "இவங்க ஒரு குச்சியக்கூட எடுக்க மாட்டாங்களாம். நம்ம மையவாடியில இருந்த மரத்தை ஏன் வெட்டுனாங்க?"

வெட்டியது நாங்கள்தான். சென்ற ஆண்டு மையவாடிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது, சுவர் நேராக வர வேண்டும் என்பதற்காக இரண்டு வேம்பையும் ஒரு புளியமரத்தையும் வெட்டி ஏலம் விட்டோம். கிடைத்த பணம் கணக்கில் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. மூன்று முழம் வளைத்துக் கட்டலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கொத்தனார் ஒருவர் மட்டும், "நல்ல மரம் பாய்" என்று சொன்னார். அதையும் காதில் வாங்கவில்லை.

பையனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கிதாபுகளைப் பார்த்தோம். கப்ரின் மேல் முளைத்திருக்கும் பச்சைச் செடியைப் பிடுங்குவது மக்ரூஹ் என்று நமது ஹனஃபி மத்ஹபின் நூல்களில் இருக்கிறது. பச்சையாக இருக்கும்வரை அது அல்லாஹ்வைத் தஸ்பீஹ் செய்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மதரஸாவில் ஓதிய காலத்தில் படித்ததுதான். எங்கள் மரங்கள் கப்ருகளின் மேல் இல்லை, ஓரத்தில்தான் இருந்தன. ஆகவே சட்டப்படி தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தப் புளியமரத்தை நட்டவர் யாரென்று நமதூர் முதியவர்களுக்குத் தெரியும். அவரும் அதே மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார். அவருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஸதகாவை நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த மக்தப் வகுப்பில் அந்தப் பையனிடமும், "வெட்டியிருக்கக் கூடாது, தப்புத்தான்" என்று சொன்னோம்.

இதன் பிறகு நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்திருக்கிறது. மையவாடியின் வடமேற்கு மூலையில் இன்னும் அடக்கத்துக்குப் பயன்படாத நிலத்தை ஹிமாவாக விட்டுவைக்கப் போகிறோம். சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு எடுத்துவிட்டு, வேம்பு, புங்கன், புளி, நாவல் நடுவோம். வக்ஃபு நிலம் என்பதால் அடக்கத்துக்குத் தேவைப்படும் காலத்தில் அதற்கே முன்னுரிமை என்பதையும் தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. பள்ளிவாசல் ஹவுளிலிருந்து வெளியேறும் ஒளுத் தண்ணீரைக் குழாய் வழியாக அங்கே கொண்டுபோக ஒரு பிளம்பர் சகோதரர் கூலி வாங்காமல் வேலை செய்யச் சம்மதித்திருக்கிறார். தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது: நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளினால் வரும் அளவு அது. பிள்ளைகளைக் குழாயடியில் வாளி வைத்து ஒளுச் செய்யச் சொல்லிப் பார்த்தோம். வாளி பாதிக்கு மேல் நிறைந்தது. பெரியவர்களை அளந்து பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வயலில் வேலை செய்பவர், ஆடு மேய்ப்பவர், கண்மாய் மடை பார்ப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை ஒருநாள் அவருடன் அனுப்புங்கள். போய் வந்ததும், அவர் எதை எடுக்கிறார், எதை விட்டுவைக்கிறார், ஏன் விட்டுவைக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணம் நம் அகீதாவுக்கு ஒவ்வாததாக இருக்கலாம். அப்போது "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், அதே வேலையைச் செய்ய நம் தீன் என்ன காரணம் சொல்கிறது என்று தேடிச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் மக்தப் உஸ்தாதிடம் கேட்கலாம். அவரும் இப்போது தேடிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

கன்று நடும் வேலை வரும் ஞாயிறு சுபுஹுக்குப் பின் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். கண்மாய்க் கரையில் அஸர் தொழுத பழைய ஆட்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் அழைத்து வர ஏற்பாடு செய்திருக்கிறோம். தொழுத இடத்தைப் பிள்ளைகளுக்கு அவர்கள் காட்ட வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பெரியவரும் தம் வீட்டு நாவல் கன்று ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். காலைச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்புங்கள், கேரி பை வேண்டாம்.