வாய்க்காலின் கடைசி மடை கடல்

எங்க ஆறுமுகநேரிப் பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் தாமிரபரணித் தண்ணிதான். வயலில் மிஞ்சி வடியுறது கடைசியில் கடலுக்குத்தான் போகுது.

நம்ம கடலடிப் பாறைத்திட்டை முத்துக்குளிக்கிறவங்க 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி பாரைப் பற்றிக்கொண்டு, நீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்று வாழும். இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

தழைச்சத்து மிஞ்சினால் கடலிலும் பாசி கொழிக்கும். அதைத் தின்னும் உயிரும் பெருகும். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடலே பச்சையாச்சு. நீரில் ஆக்சிஜன் குறைந்து பவளம் மடிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்தார்கள். இதுபோன்ற பெருக்கத்துக்குக் கடலின் சூடு, ஊர்க் கழிவுநீர் எனப் பல காரணம் உண்டு. வயலிலிருந்து போகும் சத்தும் அதில் ஒன்று.

'நாமதான் யூரியா போடலையே' என்று இருந்துவிட முடியாது. சாணமும் அமுதக்கரைசலும் வாய்க்காலில் கரைந்தால் கடலுக்கு அதுவும் தழைச்சத்துதான். அதனால என் எருக்குழியை வாய்க்காலை விட்டுத் தள்ளி மேட்டில் வச்சிருக்கேன். கரைசல் விட்ட அன்னைக்கு வடிமடையைத் திறக்கிறதில்லை. வடிகால் ஓரம் வெட்டிவேர் நட்டிருக்கேன். நீங்களும் உங்க வடிகால் எங்கே போகுதுன்னு ஒருநாள் நடந்து பாருங்க.