சரிவுப் பாதையும் நிலக்கரி வரியும்

ஐரோப்பா போட்ட சட்டங்களுக்கு புனேயின் ஹிஞ்சேவாடி கட்டுப்படுகிறது. டில்லியிலோ எதிர்க்கட்சிகள் ஒரு சட்டத்தைப் பேசாமலே நிறைவேற்றின. இன்னொன்றில் நாற்காலி மாறியபோதெல்லாம் பேச்சை மாற்றின.

புனேயின் மேற்கு ஓரத்தில், முல்ஷி தாலுகாவில் இருக்கிறது ஹிஞ்சேவாடி. காகிதத்தில் இன்னும் கிராமப் பஞ்சாயத்து. கண்ணுக்குத் தெரிவது ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க்: இன்ஃபோசிஸ், விப்ரோ, டி.சி.எஸ். என்று மூன்று கட்டங்களாக நீளும் கண்ணாடிக் கட்டடங்கள். ஐரோப்பிய வங்கிகளுக்கும் கடைகளுக்கும் இங்கிருந்து சாப்ட்வேர் போகிறது. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிய சட்டம் ஒன்று அமலில் இருக்கிறது. வங்கிச் சேவை, ஆன்லைன் கடை, டிக்கெட் இயந்திரம், மின்நூல் எதுவானாலும் பார்வையற்றவரும் காது கேளாதவரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். அங்கே சரக்கு விற்க வேண்டுமானால் இங்கே எழுதும் நிரலும் அதற்கு உட்பட்டாக வேண்டும்.

அடுத்த அடி 2026 ஜனவரி 1-ல் விழுந்தது. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றைத் தயாரிக்கும்போது வெளியேறிய கரியமில வாயுவுக்கு ஐரோப்பா எல்லையிலேயே விலை வசூலிக்கும் ஏற்பாடு அன்று முழு அமலுக்கு வந்தது. உற்பத்தி நடந்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் பணம் ஐரோப்பாவின் கஜானாவுக்கு. பட்டறைகளும் மோட்டார் தொழிற்சாலைகளும் சூழ்ந்த புனேக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல.

ஊனமுற்றோர் உரிமை, கார்பன் வரி இரண்டையும் இந்தியா ஐரோப்பாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இங்கேயும் இரண்டு உண்டு. அவை பார்லிமெண்டில் பட்ட பாடுதான் வேறு கதை.

1995 டிசம்பர். தொலைத்தொடர்பு ஊழல் விவகாரத்தில் எதிர்க்கட்சியான பா.ஜ.க. சபையை நாள்கணக்கில் முடக்கியிருந்தது. அந்த ரகளையின் நடுவேதான் நாட்டின் முதல் ஊனமுற்றோர் சட்டம் தப்பிப் பிழைத்தது. வெளியே ஜாவேத் அபிதியும் அவரது தோழர்களும் கட்சி கட்சியாக ஏறி இறங்கியிருந்தார்கள். கட்டடங்களில் சரிவுப் பாதை, சாலைக் கடப்புகளில் ஒலி சிக்னல் எல்லாம் அந்தச் சட்டத்தில் இருந்தன. கூடவே, அரசின் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்ற ஒரு வரியும் இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் அந்த வரியின் பின்னால் ஒளிந்துகொள்ளாத இலாகா குறைவு.

2016 டிசம்பர். இப்போது காட்சியில் பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன. ரூபாய் நோட்டு செல்லாததாக்கப்பட்டதை எதிர்த்து காங்கிரசும் மற்ற கட்சிகளும் குளிர்காலக் கூட்டத்தொடரையே ஸ்தம்பிக்க வைத்திருந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதாவுக்கு மட்டும் அமளியை ஒதுக்கி வைக்க ஒப்புக்கொண்டார்கள். டிசம்பர் 14-ல் ராஜ்யசபா, 16-ல் லோக்சபா. தாவர்சந்த் கெலோட் முன்வைத்த நூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் திருத்தங்கள் மளமளவென்று ஏற்கப்பட்டன. 2014 பிப்ரவரியில் இந்த மசோதாவின் முதல் வடிவத்தை அமைச்சராக ராஜ்யசபாவில் அறிமுகப்படுத்தியவர் மல்லிகார்ஜுன கார்கே. நிறைவேறிய வேளையில் அவர் லோக்சபாவில் காங்கிரஸ் தலைவர், எதிர்வரிசையில்.

ஒத்துழைத்தது நல்ல காரியம்தான். அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகள் 7-லிருந்து 21 ஆயின. அரசு வேலை ஒதுக்கீடு 3 சதவிகிதத்திலிருந்து 4 ஆனது. ஆனால் ஒரு நல்ல எதிர்க்கட்சி குடைந்திருக்க வேண்டிய இடங்கள் குடையப்படாமலே போயின. 'நியாயமான நோக்கத்துக்கான பொருத்தமான வழி' என்று காட்டிவிட்டால் பாகுபாடு காட்டலாம் என்கிறது 3-வது பிரிவு. எது நியாயமான நோக்கம்? சட்டம் சொல்லவில்லை. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து ஆண்டு கெடு கொடுத்தார்கள். விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து கணக்கிட்டால் 2022 ஜூனில் அது முடிந்துபோனது.

ஓட்டை எங்கே என்று சொன்னது பார்லிமெண்ட் அல்ல, சுப்ரீம் கோர்ட். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ல் சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச், சட்டத்தில் 'கட்டாயம்' என்றிருப்பதை 15-வது விதி வெறும் 'பரிந்துரை'யாகக் கரைத்துவிட்டது என்று கூறி அதன் முதல் பகுதியைச் செல்லாதென்றது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டுவர மத்திய அரசுக்கு உத்தரவு. கெடு 2025 பிப்ரவரியில் வந்தது, விதிகள் வரவில்லை. அதே ஏப்ரல் 30-ல் பர்திவாலா, ஆர். மகாதேவன் பெஞ்ச் இன்னும் ஒரு படி போனது: இணையச் சேவையை அணுகுவதும் 21-வது ஷரத்து தரும் வாழ்வுரிமையின் பகுதி. கேமரா முன் கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற நடைமுறையால் பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பட்ட அவதி அந்த வழக்கின் மையம்.

இதற்கு முன்னுதாரணம் இல்லாத பார்லிமெண்ட் அல்ல இது. 1953 இடைத்தேர்தலில் தென்கிழக்கு கல்கத்தாவிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் சாதன் குப்தா பார்வையற்றவராகவே லோக்சபாவுக்கு வந்தார். போலியோவால் பாதிக்கப்பட்ட ஜெய்பால் ரெட்டி ஊன்றுகோலுடன் எழுந்து நின்றால் ஆளும் தரப்பு நிமிர்ந்து உட்காரும். 2023 ஆகஸ்ட் 7-ல் டில்லி நிர்வாக மசோதாவை எதிர்த்து ஓட்டுப்போட 90 வயது மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் ராஜ்யசபாவுக்கு வந்ததை நாடு பார்த்தது. அடுத்த சில நாட்கள் அவரை வரவழைத்தது சரியா தப்பா என்றே கட்சிகள் சண்டை போட்டன.

கார்பன் வரி கதையில் மௌனம் இல்லை. குரல் உண்டு, அது இடம் மாறி ஒலித்தது. 2010 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் செஸ் போட்டார். நெய்வேலி பழுப்பு நிலக்கரியும் தப்பவில்லை. சுத்தமான எரிசக்திக்கு நிதி என்பது வாக்குறுதி. ஒடிசா போன்ற நிலக்கரி மாநிலங்கள், தோண்டுவது எங்கள் மண்ணை, வரி மட்டும் டில்லிக்கா என்று பங்கு கேட்டன. ஆட்சி மாறியது. வரி ரத்தாகவில்லை. 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400 என்று எட்டு மடங்கானது. வரியைப் பெற்ற காங்கிரஸ் இப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்து பணம் எங்கே என்று கேட்டது.

அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. 2010-11 முதல் 2017-18 வரை வசூலான செஸ் சுமார் 86,440 கோடி ரூபாய். சுத்த எரிசக்தி நிதிக்குப் போனது சுமார் 29,645 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மிச்சமிருந்த பாசாங்கும் போனது. மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக அது மாறியது.

2017 ஜூலை 1-ல் ஒரு விசித்திரம். நிலக்கரிக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி. சக்கர நாற்காலிக்கும் 5 சதவிகிதம்! நிலக்கரிக்கு செஸ் தனி என்பது உண்மைதான், ஆனாலும் அடுக்கு ஒன்றே. ஊனமுற்றோர் மீதே வரியா என்று ராகுல் காந்தி கொதித்து, முழுதாக வாபஸ் வாங்கச் சொன்னார். வரியே இல்லையென்றால் உள்நாட்டுத் தயாரிப்பாளர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, இறக்குமதிதான் மலிவாகும் என்றது அரசு. கணக்கில் பிழையில்லை. ஆனால் நாற்காலியை வாங்குபவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

2025 செப்டம்பர் 22-ல் நிலக்கரி செஸ் அடியோடு ரத்தாகி ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமானது. மொத்தச் சுமை மாறாது என்பது அரசுத் தரப்பு. ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்தால் போதும். டன் 1,000 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு வரி 450, இப்போது 180. டன் 3,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 575, இப்போது 630. மலிவான நிலக்கரி என்றால் பெரும்பாலும் சாம்பல் அதிகமுள்ள மட்டரகம். அதற்குத்தான் சலுகை. ஐரோப்பாவின் எல்லைக் கட்டணம் முழு அமலுக்கு வர மூன்று மாதம் இருக்கையில், இங்கே கார்பன் விலை என்று காட்டக்கூடிய ஒரே பழைய வரியும் கைநழுவியது.

மாற்று ஏற்பாடாக அரசு காட்டுவது கார்பன் கிரெடிட் சந்தை. 2022-ன் எரிசக்தி சேமிப்புத் திருத்தச் சட்டத்தில் பிறந்து, 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் அமைச்சகத்தை விட்டுவிட்டு மின்துறையிடம் ஏன் ஒப்படைக்க வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அலுமினியம், சிமெண்ட் போன்ற தொழில்களுக்கான முதல் இலக்குகள் 2025 அக்டோபரில்தான் வந்தன. அதே சட்டம் 100 கிலோவாட் இணைப்புள்ள பெரிய குடியிருப்புகளையும் எரிசக்தி விதிகளுக்குள் கொண்டுவர வழி திறந்தது. ஹிஞ்சேவாடியைச் சுற்றி எழும்பும் அடுக்கு மாடிகள் அந்த ரகம்.

அந்த மாடிகளின் வாசலில்தான் இரண்டு சட்டங்களும் சந்திக்கின்றன. சரிவுப் பாதையோ அணுகும் வசதியோ இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது என்கிறது 2016 சட்டம். சான்றிதழ் தருபவர் யார், வாசலைத் தாண்டியதும் நடைபாதைக்குப் பொறுப்பு யார்? மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம், புனே பெருநகர ஆணையம், பொதுப்பணித் துறை, கிராமப் பஞ்சாயத்து என்று நான்கு கைகள். 2025 மழையில் சாலைகள் மூழ்கியபோது நான்கும் ஒன்றையொன்று காட்டின. முல்ஷி தாலுகா அடங்கிய பாராமதி தொகுதியில் 2024-ல் சுனேத்ரா பவாரைத் தோற்கடித்து மீண்டும் வென்றவர் எதிர்க்கட்சியின் சுப்ரியா சூலே. தொகுதியில் அவரிடம் அதிகம் வரும் புகார் போக்குவரத்து நெரிசல்தான் என்பதை ஊகிக்க பெரிய ஞானம் வேண்டாம்.

தமிழகத்தில் ஒரு சிறு மாறுதல் நடந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் மசோதா வந்தது. ஓட்டுக்காகக் காத்திராமல் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே நாற்காலி. ஹிஞ்சேவாடி பஞ்சாயத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. 23.3 கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த நிலையங்களில் லிஃப்ட் இருக்கும். லிஃப்டிலிருந்து இறங்கி கம்பெனி வாசல் வரை போகும் அந்தச் சில நூறு மீட்டர் யாருடைய கோப்பில் இருக்கிறது என்பதை இனிமேல்தான் தேட வேண்டும்.