யாருக்காக எழுதினார் ரங்கப்பிள்ளை?

குட்டீஸ்! புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். சில கிலோமீட்டர் தூரத்திலேயே ஒரு ஆற்றுப் பாலம் வரும். அதைத் தாண்டினால் அரியாங்குப்பம். கடைகள், பள்ளிக்கூடங்கள், எப்போதும் வாகன நெரிசல் என்று பரபரப்பாக இருக்கும் ஊர்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது தெரியுமா? 1748-ம் வருடம் ஆகஸ்ட் மாதம். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டு கொண்டிருந்தார்கள். அதைப் பிடிக்க, ஆங்கிலேய கடற்படைத் தளபதி பாஸ்கவன் பெரும் படையோடு வந்தார். முதலில் அவர் மோதியது அரியாங்குப்பம் கோட்டையில்தான். கோட்டைக்குள் இருந்தவர்கள் முதல் தாக்குதலை விரட்டியடித்தார்கள். ஆனால், அங்கிருந்த வெடிமருந்து தீப்பிடித்து வெடித்துவிட்டது. பிரெஞ்சு வீரர்கள் கோட்டையை விட்டு நகருக்குத் திரும்பினார்கள். பிறகு புதுச்சேரி நகரமே முற்றுகையில் சிக்கியது. மழைக்காலம் நெருங்கியதும், அக்டோபரில் ஆங்கிலேயர்கள் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் இரண்டு நாட்டுத் தளபதிகளும் தங்கள் மேலிடத்துக்கு எழுதியிருப்பார்கள். அது சரி. ஆனால், அந்த நாட்களில் நம் ஊர் ஜனங்கள் என்ன பேசிக் கொண்டார்கள்? கவர்னர் காலையில் என்ன சொன்னார், மாலையில் என்ன சொன்னார்? வதந்தி எப்படிப் பரவியது? இவ்வளவும் தமிழில், அன்றன்றைக்குத் தேதி போட்டு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஒரு வியாபாரி. பெயர், ஆனந்தரங்கப்பிள்ளை.

பாக்குக் கிடங்கில் ஒரு எழுத்தாளர்!

சென்னை பெரம்பூரில் 1709-ல் பிறந்தவர் ரங்கப்பிள்ளை. சிறு வயதிலேயே குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்துவிட்டார். வளர்ந்து பெரிய வியாபாரி ஆனார். சொந்தமாகக் கப்பல்கூட வைத்திருந்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘ஆனந்தப்புரவி!’ பிறகு, கவர்னர் டூப்ளேயிடம் தலைமை துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். அதாவது, வெள்ளைக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்று பேசி, வியாபாரத்தையும் பல காரியங்களையும் முடித்துக் கொடுப்பவர்.

1736-ம் வருடம் செப்டம்பர் 6-ம் தேதி, ரங்கப்பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 27 வயது. காதால் கேட்டதையும், கண்ணால் பார்த்ததையும், கப்பல்கள் வருவதையும் போவதையும், அதிசயமாக ஏதாவது நடந்தால் அதையும் எழுதப் போவதாக, ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

சொன்னபடியே எழுதினார். எத்தனை வருடம்? ஒன்றல்ல, இரண்டல்ல... ஏறக்குறைய 25 வருடம்! எந்தக் கப்பல் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி வெடித்து மரியாதை செய்தார்கள், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு என்ன வழக்கு, யார் யாரிடம் கோள் சொன்னார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பாக்குக் கிடங்கில் உட்கார்ந்திருந்தபோது வந்து பேசியவர்களைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்.

‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? அந்தக் காலத்துப் புலவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எழுத்து என்றால் செய்யுள். அதுவும் கடவுளைப் பற்றி, ராஜாவைப் பற்றி என்று இருந்த காலம் அது. ரங்கப்பிள்ளையோ, தான் பேசுகிற தமிழிலேயே எழுதினார். ‘கும்பினி’, ‘துரை’ போன்ற சொற்களெல்லாம் அதில் சர்வ சாதாரணமாக வரும். கடைத்தெருவில் கேட்ட பேச்சு அப்படியே காகிதத்தில் ஏறியது.

பயம் இல்லையா?

அவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது. அவருடைய மாமா நைனியப்பப் பிள்ளையும் ஒரு காலத்தில் தலைமை துபாஷியாக இருந்தவர்தான். கவர்னரின் கோபத்துக்கு ஆளானதால், அவரைச் சிறையில் அடைத்தார்கள். எல்லோரும் பார்க்கச் சவுக்கால் அடித்தார்கள். 1717-ல் அவர் சிறையிலேயே இறந்து போனார். அவருக்குக் கொடுத்த தண்டனை தவறு என்று பிறகுதான் முடிவானது. மாமா இறந்தபோது ரங்கப்பிள்ளைக்கு எட்டு வயது!

அதிகாரத்தில் இருப்பவர்கள் கோபப்பட்டால் என்ன நடக்கும் என்பதை, சின்ன வயதிலேயே வீட்டில் பார்த்தவர் அவர். அப்படியிருந்தும், டூப்ளே செய்த நல்லதையும் எழுதினார். தனக்குப் பிடிக்காததையும் எழுதினார். கவர்னரின் மனைவியைப் பற்றிய மனக்குறைகளையும் மறைக்கவில்லை. வாய் திறந்து சொல்ல முடியாததை எல்லாம் நாட்குறிப்பிடம் சொன்னார்.

அவர் எழுதியது எல்லாமே சரி என்று நினைத்துவிட வேண்டாம். தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் எழுதிக் கொள்வார். போட்டிக்காரர்களைத் திட்டுவார். அந்தக் காலத்துச் சாதி வேற்றுமையும் அவர் எழுத்தில் இருக்கிறது. ஆனால், தனக்குப் பட்டதைத் தன் குரலில் எழுதினார். வேறு யாரைப் போலவும் எழுத முயற்சி செய்யவில்லை.

85 வருடம் காத்திருந்த நாட்குறிப்பு!

1761-ம் வருடம் ஜனவரி 12-ம் தேதி ரங்கப்பிள்ளை இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நகரின் பெரும் பகுதி இடிக்கப்பட்டது. அந்தக் குழப்பத்தில் ஒரு வியாபாரியின் நாட்குறிப்பை யார் தேடப் போகிறார்கள்? அவருடைய குடும்பத்தாரிடம் அது சத்தமில்லாமல் கிடந்தது.

85 வருடம் ஓடியது. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். பிரதிகள் எடுக்கப்பட்டன. ஒரு பிரதி பாரிஸ் வரைக்கும் போனது. பிறகு சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. பன்னிரண்டு! தமிழில் 1948-லிருந்து புத்தகங்களாக வரத் தொடங்கியது.

இன்று 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள், ரங்கப்பிள்ளையைப் படிக்காமல் இருக்க முடியாது. புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன், அந்த நாட்குறிப்பிலிருந்து விஷயங்களை எடுத்துக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்கள் எழுதினார். ‘வானம் வசப்படும்’ நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

பார்த்தீர்களா? எந்தச் சின்னச் சின்ன விஷயங்களை ‘இதை யார் படிப்பார்கள்’ என்று ஒதுக்கியிருப்போமோ, அவற்றைத் தேடித்தான் வாசகர்கள் வந்தார்கள். போரில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேறு புத்தகங்கள் இருக்கின்றன. கவர்னர் வீட்டு வாசலில் நின்றவர் என்ன நினைத்தார் என்று சொல்ல, அவர் ஒருவர்தான் இருந்தார்.

பதிமூன்று வயது எழுத்தாளர்!

‘அவர் பெரிய மனிதர், எழுதினார். நான் ஏழாங்கிளாஸ் படிக்கிறேன். நான் எழுதினால் யார் படிப்பார்கள்?’ என்கிறீர்களா?

இதே கேள்வி, ஆன் ஃபிராங்க் என்ற சிறுமிக்கும் வந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வசித்தாள். 1942-ல், 13-வது பிறந்த நாளுக்கு அவளுக்கு ஒரு நோட்டு கிடைத்தது. அதில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தாள். பதிமூன்று வயதுப் பள்ளிக்கூடச் சிறுமியின் மனதில் இருப்பதைப் படிக்க யாருக்கு ஆசை இருக்கும் என்று, அவளே அதில் எழுதினாள். ஆனாலும், எழுதுவதை நிறுத்தவில்லை. அடுத்த மாதமே, ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்துக்கும் மேல், வெளியே போகாமல், மறைவிடத்தில் இருந்தே எழுதினாள்.

1944 மார்ச்சில் ரேடியோவில் ஒரு பேச்சு. போர்க்காலத்தில் மக்கள் எழுதிய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போர் முடிந்தபின் சேகரிக்க வேண்டும் என்றார், ஒரு நெதர்லாந்து அமைச்சர். அதைக் கேட்டதும் ஆன் என்ன செய்தாள் தெரியுமா? தான் எழுதியதை எடுத்து, வேண்டாததை நீக்கி, விட்டுப் போனதைச் சேர்த்து, முதலிலிருந்து திருத்தி எழுத ஆரம்பித்தாள்!

தன் எழுத்தின் மேல் நம்பிக்கை வைப்பது என்றால் இதுதான். ‘நான் எழுதியது எல்லாமே பிரமாதம்’ என்று நினைப்பது நம்பிக்கை இல்லை. ‘இது நன்றாக வரும், அதற்காக உழைக்கலாம்’ என்று நினைப்பதே நம்பிக்கை.

ஆன் பிடிபட்டாள். 1945-ல் நாஜி முகாமில் இறந்து போனாள். குடும்பத்தில் உயிர் தப்பியவர் அப்பா மட்டும்தான். மகளின் நாட்குறிப்பை 1947-ல் அவர் புத்தகமாக வெளிவரச் செய்தார். இன்று அது 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. பதிமூன்று வயதுச் சிறுமியின் மனதைப் படிக்க, உலகமே ஆசைப்பட்டது!

நீங்களும் எழுதலாம்!

இப்போதெல்லாம் ஒன்றை எழுதி முடித்ததும், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணத் தொடங்கி விடுகிறோம். இரண்டு பேர்தான் என்றால் முகம் வாடி விடுகிறது. எண்ணிக்கையை மறந்துவிட்டு, இதைச் செய்து பாருங்கள்.

* ஒரு நோட்டு போடுங்கள். தேதி எழுத மறக்காதீர்கள். தேதி இல்லாமல் இருந்தால், ரங்கப்பிள்ளையின் நோட்டு இவ்வளவு பயன்பட்டிருக்காது.

* உங்கள் தெருவை எழுதுங்கள். மீன் விற்கும் அம்மா என்ன சொல்லிக் கூவுகிறார்? மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும்? உங்கள் தெருவைப் பற்றி உங்களைவிட நன்றாக எழுத, வெளியூரில் இருக்கும் பெரிய எழுத்தாளரால்கூட முடியாது.

* கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். கேட்டதை எல்லாம் நடந்ததாக எழுதக் கூடாது.

* நீங்கள் பேசுகிற வார்த்தைகளில் எழுதுங்கள். கடினமான வார்த்தைகளைத் தேடி அலைய வேண்டாம்.

* முதலில் ஒரே ஒரு வாசகரைப் பிடியுங்கள். பாட்டியாக இருக்கலாம், பக்கத்து பெஞ்ச் நண்பனாக இருக்கலாம். படித்துக் காட்டி, எந்த இடம் புரியவில்லை என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்தால், வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையே நடத்தலாம்!

* யாருக்கும் காட்ட விரும்பாத பக்கங்களும் இருக்கட்டும். அவை உங்களுக்கு மட்டும்தான்.

அடுத்த முறை புதுச்சேரி போனால், பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதி எங்கே என்று கேளுங்கள். அவர் பெயரால் அமைந்த வீதி அது. அவர் வாழ்ந்த பழைய வீடும் அங்கே இருக்கிறது. அப்படியே கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் போய் வாருங்கள். 1748-ல் அந்தப் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டபோது, நகருக்குள் ஒருவர் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதிக் கொண்டிருந்தார். தன்னை யார் படிக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

இதோ, இன்று நீங்கள் படித்துக் கொண்டிருக்கிறீர்கள்!

சரி குட்டீஸ்... நோட்டை எடுங்கள். இன்றைக்கு என்ன தேதி?