விலைச்சீட்டில் இல்லாத விலை

முன்னாளில் தோட்டத்துக் கடைக்குப் போனால், கடைக்காரர் 555 என்று அட்டையில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தை எடுப்பார். அரிசி, பருப்பு, மீன் டின் என்று நாம் வாங்கியதை எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். பற்று அளவு மீறினால், "போன மாதப் பாக்கியே நிற்கிறதே அம்மா, இந்த மாதம் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள்" என்று அவரே சொல்வார். அந்தச் சொல் சற்றுக் கசந்தாலும், நம் குடும்பத்திற்கு அது ஒரு வேலியாக இருந்தது.

இன்று கடை நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கடன் புத்தகமும் கூடவே வந்துவிட்டது. அந்த வேலிதான் வரவில்லை. ஒரு செயலியில் கடன் வரம்பு முடிந்தால், இன்னொரு செயலி கடன் கொடுக்கக் காத்திருக்கிறது. ஆகவே, திரையில் தெரியும் விலையோடு, அங்கே எழுதப்படாத விலைகளையும் நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய விலைகள் மூன்று உண்டு.

முதலாவது, அவசரத்திற்கு நாம் கொடுக்கும் விலை.

ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் பெரும் மலிவு விற்பனை நடப்பதைப் பலர் அறிவீர்கள். சீனாவில் அலிபாபா நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. இப்போது நம் நாட்டுச் செயலிகளில் ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் அப்படி ஒரு நாள் வருகிறது. திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். 80 ரிங்கிட் என்பது கோடிட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் 39.90 என்று இருக்கும். 40 என்று எழுதாமல் 39.90 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம் கண் முதலில் 3 என்ற எண்ணையே பற்றிக்கொள்ளும்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. அந்தப் பொருள் என்றாவது 80 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டதா? பட்டணத்துக் கடையிலும் இரவுச் சந்தையிலும் அதன் விலை என்ன என்று விசாரித்தால் உண்மை விளங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். 5 ரிங்கிட் அனுப்பும் செலவை மிச்சப்படுத்த, தேவையற்ற பொருளை 20 ரிங்கிட்டுக்குச் சேர்த்து வாங்கினால், நாம் மிச்சம் பிடித்தவர்கள் ஆகமாட்டோம். 15 ரிங்கிட் கூடுதலாகச் செலவழித்தவர்களே ஆவோம். விரும்பிய பொருளைக் கூடையில் போட்டுவிட்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். மூன்றாம் நாளும் அது தேவை என்று தோன்றினால் வாங்கலாம்.

இரண்டாவது, நாளைய உழைப்பைக் கொண்டு நாம் கொடுக்கும் விலை. மூன்றிலும் இதுவே பாரமானது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற தவணை முறையைத்தான் சொல்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கைப்பேசியின் விலை 1,200 ரிங்கிட். 12 மாதத் தவணை. மாதக் கட்டணம் 'ஒன்றரை விழுக்காடு மட்டுமே' என்று போட்டிருக்கிறது. 1,200க்கு ஒன்றரை விழுக்காடு 18 ரிங்கிட். ஆக, மாதம் 118 ரிங்கிட் கட்டுகிறோம். ஆண்டு முடிவில் நாம் கட்டியது 1,416 ரிங்கிட். கூடுதலாகப் போனது 216 ரிங்கிட்.

216 என்பது 1,200இல் 18 விழுக்காடுதானே என்று சிலர் எண்ணலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் 1,200 ரிங்கிட்டும் நம் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் அசலில் 100 ரிங்கிட் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதத்தில் நாம் பட்டிருக்கும் கடன் வெறும் 100 ரிங்கிட். ஆனாலும் அந்த மாதமும் அதே 18 ரிங்கிட்தான். சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருந்த கடன் 650 ரிங்கிட். அதற்கு 216 ரிங்கிட் கொடுத்தால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு தவணை தவறினால், தாமதக் கட்டணம் வேறு சேரும்.

இதை நம் உழைப்பின் கணக்கில் மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 65 ரிங்கிட். அந்தக் கைப்பேசியின் விலை பதினெட்டரை நாள் வேலை. தவணைக்காக மட்டும் கொடுத்த 216 ரிங்கிட், மூன்று நாளுக்கும் மேற்பட்ட வேலை. மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்குப் போய், செம்பனைக் குலை வெட்டிச் சுமந்த உழைப்பு அது. எந்தப் பொருளையும் 'எத்தனை ரிங்கிட்' என்று பார்த்த பிறகு, 'எத்தனை நாள் வேலை' என்றும் பாருங்கள்.

மூன்றாவது, நம்மைப் பற்றிய செய்திகளைக் கொண்டு நாம் கொடுக்கும் விலை.

பல செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? கூகுள், ஃபேஸ்புக் போன்றவற்றை நடத்தும் நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தே வருகிறது. நாம் எதைத் தேடுகிறோம், எங்கே போகிறோம் என்பது தெரிந்தால், விளம்பரம் குறி தவறாது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மத்திய வாணிப ஆணையம் ஒரு கைவிளக்குச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் காட்டும் வேலையைத் தவிர வேறெதுவும் தேவையில்லாத அந்தச் செயலி, அதை வைத்திருந்தவர்கள் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

எனவே, ஒரு செயலி 'அனுமதி' கேட்கும்போது, அதன் வேலைக்கு அது தேவையா என்று எண்ணிப் பாருங்கள். வரைபடத்திற்கு நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டும். கைவிளக்கிற்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆடும் இலவச விளையாட்டுகளிலும் நாணயம், வைரம் என்று காசுக்கு விற்பார்கள். பெற்றோரின் மின்பணப்பை இரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரியாதிருப்பது நல்லது. முன்பின் அறியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டு எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம். வங்கிப் பணம் மோசடியில் பறிபோனால், உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

வாங்கிய பொருள் பழுதாக இருந்து, விற்றவர் கைவிரித்தால் என்ன செய்வது? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. அதன்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும், விற்பவரோடு பேசிய செய்திகளும் சாட்சியாகும். அவற்றை அழித்துவிடாதீர்கள்.

நிறைவாக ஒன்று. அந்தப் பழைய 555 புத்தகத்தை இனி நம் வீட்டில் நாமே வைத்துக்கொள்வோம். எந்தச் செயலியில், எந்தப் பொருளுக்கு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று ஒவ்வொரு தவணையையும் அதில் எழுதுவோம். எழுதுவதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். கூட்டல் கணக்குக்கு அது நல்ல பயிற்சி. மாதக் கடைசியில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். அன்று கடைக்காரர் சொன்ன அந்த ஒரு சொல்லை, இனி நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.