நடுவழியில் நின்றுவிடும் பேட்டரி சைக்கிள்



மெர்போக், செமிலிங், பீடோங் பக்கம் போனால் மின்சாரத்தில் ஓடும் சைக்கிள்கள் கண்ணில் படுகின்றன. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வர, கடையில் சாமான் வாங்க, வயதானவர்கள் கிளினிக்குக்குப் போய்வர என்று பல வகையிலும் அவை உதவுகின்றன. பேட்டரி சைக்கிள் என்றுதான் நம்மவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெயரிலேயே இன்றைய பேச்சை நடத்துவோம்.

இந்தச் சைக்கிளைப் பற்றிய குறைகளில் ஒன்று மிகவும் விசித்திரமானது. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றியாயிற்று. காலையில் பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியில் நான்கு கோடும் தெரிந்தன. சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மேட்டில் ஏறும்போது மட்டும் சட்டென்று உயிர் போய்விட்டது! இறங்கி ஐந்து நிமிடம் நின்றால் விளக்கு மீண்டும் எரிகிறது, கோடுகளும் வந்துவிடுகின்றன. அடுத்த மேட்டில் மறுபடியும் அதே கதை. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், “பேட்டரி செத்துப் போச்சு, மாற்றத்தான் வேணும்” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பாகிவிடுகிறது. புதுப் பேட்டரி என்றால் பல நூறு வெள்ளி. மரம் சீவியும் குலை வெட்டியும் பிழைக்கும் குடும்பத்துக்கு அது வாயையும் வயிற்றையும் கட்டிச் சேர்த்த பணம் அல்லவா? அதைக் கொடுக்கும் முன் உண்மையிலேயே பேட்டரிதான் குற்றவாளியா என்று நாமே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

லயத்தில் மின்சாரம் வராத காலத்தில் காடி பேட்டரியை வைத்துத் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு ஓரத்திலும் கறுப்பு விழும், படம் சுருங்கிக்கொண்டே வரும், பிறகு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடியும் சில நிமிடம் தெரியும். கதாநாயகன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். இங்கேயும் நடப்பது அதேதான். பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வேகமாக இழுத்தால் அதன் வோல்ட்டு கீழே இறங்கும். இழுப்பதை நிறுத்தினால் மறுபடி ஏறும். நல்ல பேட்டரியில் இந்த இறக்கம் சிறிது. நலிந்த பேட்டரியில் பெரிது. கைப்பிடியில் தெரியும் கோடுகள் வோல்ட்டைத்தான் காட்டுகின்றன, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. அதனால்தான் நிற்கும்போது நான்கு கோடு, ஏறும்போது ஒன்றுமில்லை.

சரி, தொலைக்காட்சி மெல்லச் சுருங்கியதே, சைக்கிள் ஏன் சட்டென்று நிற்கிறது? சைக்கிளில் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பேட்டரி அளவுக்கு மீறி வற்றினால் கெட்டுவிடும் என்பதற்காக, வோல்ட்டு ஓர் எல்லைக்குக் கீழே போனவுடன் அது இணைப்பைத் துண்டித்துவிடும். 48 வோல்ட்டு வண்டியில் இந்த எல்லை பெரும்பாலும் 42 வோல்ட்டு அளவில் இருக்கும்.

விலை குறைந்த வண்டிகளில் ஈய பேட்டரிதான் இருக்கிறது. 1859ஆம் ஆண்டில் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த அதே வகை. தலைமுறை தலைமுறையாகக் காடிக்கும் லாரிக்கும் போடுவது. 12 வோல்ட்டு பேட்டரிகள் நான்கை வரிசையாகக் கோத்தால் 48 வோல்ட்டு. கோத்தால் என்று சொன்னோம், அதைக் கவனியுங்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிற்பதுபோல அவை நிற்கின்றன. நான்கில் ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் பயனில்லை. மேட்டில் ஏறும்போது மூன்று பேட்டரிகள் 11.7 வோல்ட்டு தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அது 35.1 ஆயிற்று. நான்காவது மட்டும் 6.5 தருகிறது. மொத்தம் 41.6. எல்லை 42 அல்லவா? வண்டி நின்றுவிட்டது. ஒன்று செய்த குற்றத்துக்கு நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள்!

இதைக் கண்டுபிடிக்க மின்சார சாமான் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டர் ஒன்று போதும். அக்கம்பக்கத்தில் வயரிங் வேலை தெரிந்த யாரிடமாவது இருக்கும். முள்ளை நேர்மின்சாரம் 200 வோல்ட்டு என்ற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பிகளை ஆம்பியர் அளக்கும் துளையில் தவறியும் சொருகக் கூடாது. கையில் வளையல், மோதிரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு வளையல் பட்டால் போதும், அது பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். வண்டி மேட்டில் நின்றுபோன சூட்டோடு சூடாக ஈய பேட்டரிகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். மூன்று 12 வோல்ட்டுக்கு மேலே காட்டி ஒன்று மட்டும் இரண்டு வோல்ட்டு குறைந்து நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். மற்ற மூன்றும் புதியவையாக இருந்தால்தான் கெட்டதை மட்டும் மாற்றுவது லாபம். மூன்று வருடம் உழைத்த மூன்றோடு ஒரு புதியதைச் சேர்த்தால் பழையவை அதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

லித்தியம் பேட்டரி வேறு சாதி. 1991இல் சோனி நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த வகை இது. இதற்கு வழிவகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. 48 வோல்ட்டுப் பெட்டிக்குள் பெரும்பாலும் 13 அடுக்குகள் வரிசையாக இருக்கும். நிறைய ஏற்றினால் 54.6 வோல்ட்டு. இதற்குள்ளே காவல்காரன் போல ஒரு பலகை இருக்கிறது. பி.எம்.எஸ். என்பார்கள். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே கவனித்துக்கொண்டிருக்கும் இந்தக் காவல்காரன், ஏதேனும் ஓர் அடுக்கு எல்லைக்குக் கீழே போனால் முழுப் பெட்டியையும் பூட்டிவிடுவான். மேலே போனாலும் அப்படித்தான். ஓர் அடுக்கு மட்டும் முந்திக்கொண்டு நிறைந்துவிட்டால் ஏற்றுவதையே நிறுத்திவிடுவான். மற்றவை அரைவயிற்றோடு நிற்கும். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துவிடும். ஆகவே பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றி முடித்ததும் பெட்டியின் வெளி முனையில் அளந்து பாருங்கள். 54க்கு மேலே இருந்தால் சரி. 51, 52 என்று நின்றால் சார்ஜரைச் சந்தேகிக்கலாம், இல்லாவிட்டால் உள்ளே அடுக்குகள் ஏறுக்குமாறாக இருக்கின்றன. அதே அளவுள்ள இன்னொரு வண்டியின் சார்ஜர் நிஜமாகவே அதே வகையானதாக இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம். ஈய பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்குப் போடவே கூடாது. 48 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் ஈயத்தினுடையது 58, 59 வோல்ட்டு வரை தள்ளும். லித்தியம் பெட்டியை வீட்டில் திறக்கவும் கூடாது.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வண்டி எங்கே, எப்படி நிற்கிறது என்று ஒரு வாரம் கவனிப்பதுதான் அது. குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம்; அதன் அடிவாரத்தில்தான் மெர்போக் இருக்கிறது. அருங்காட்சியகம் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் பக்கம் ஏறிப் பார்த்தவர்களுக்கு மேடு என்றால் என்ன என்று தெரியும். மேட்டில் மட்டும் நின்றால் மேலே சொன்ன நலிவு. சமதரையில், செம்மண் பாதையின் குழியில் ‘டக்’கென்று விழும்போது நின்றால் அது பேட்டரியே அல்ல, இணைப்பு. பேட்டரியைச் சொருகும் இடத்தில் செம்பு நாக்குகள் தளர்ந்திருக்கும்; இல்லையேல் பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அல்லது பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் அங்கேதான் மின்சாரம் விரயமாகிறது. பிளக்கை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுதான்.

மழையில் மட்டும் நின்றால்? அப்போது கைப்பிடியைப் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் ஓடவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சிறிய சுவிட்சு ஒன்று பிரேக் பிடிக்குள்ளே இருக்கிறது. தண்ணீர் புகுந்தோ, வண்டி விழுந்து பிடி வளைந்தோ அது மாட்டிக்கொண்டால், யாரோ எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாகவே வண்டி எண்ணிக்கொள்ளும். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பிரேக் பிடியை விரலால் முன்னுக்குத் தள்ளி விட்டுப் பாருங்கள். மோட்டார் உடனே சுழன்றால் வேறு விளக்கம் வேண்டாம். இந்தச் சுவிட்சு கெட்டதற்குப் புதுப் பேட்டரி வாங்கியவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

தொலைவையும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 48 வோல்ட்டு, 12 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 576 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 15 முதல் 20 வரை செலவாகும். வேகமாக இழுக்கும்போது ஈய பேட்டரி எழுதியிருப்பது முழுவதையும் தராது. மூன்றில் இரண்டு பங்கு தந்தாலே நல்லது. அப்படியானால் 20, 25 கிலோமீட்டர்தான். பின்னால் ஒரு மூட்டை அரிசியோடு ஏறினால் இன்னும் குறையும். கடைக்காரர் சொன்ன 50 கிலோமீட்டர் வரவில்லை என்று பேட்டரியை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

இனிப் பராமரிப்பு. இங்கேதான் குழப்பம் அதிகம். “சுத்தமாக வற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும்” என்று சொல்வார்கள். அது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. ஈயத்துக்கும் ஆகாது, லித்தியத்துக்கும் ஆகாது. ஈய பேட்டரியை ஓட்டிவந்த அன்றே ஏற்றிவிட வேண்டும். காலியாக வைத்துவிட்டு நீண்ட பள்ளி விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால் உள்ளே தகடுகளில் வெள்ளைப் படிவு கெட்டிப்படும்; பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. லித்தியமோ இதற்கு நேர்மாறு. பல வாரம் சும்மா வைப்பதானால் பாதி அளவில் வைப்பதே நல்லது. இரண்டுக்கும் பொது எதிரி வெப்பம். தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் நிற்கும் வண்டியின் பேட்டரி நிழலில் நிற்பதைவிடச் சீக்கிரம் கிழடாகிறது. வந்தவுடன் சூட்டோடு சார்ஜ் போடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அது மண்ணெண்ணெய் அடுப்புத் தீயைப் போன்றதல்ல. நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் ஏற்பட்டு 18 பேர் உயிரிழந்தார்கள். மலிவான பேட்டரிகளும், பொருந்தாத சார்ஜர்களும், பழைய செல்களைப் பொறுக்கி மறுபடி கட்டிய பெட்டிகளும் இத்தகைய தீக்குப் பெரிய காரணங்கள். பலகை வீட்டில், வெளியேறும் ஒரே வாசலில் வண்டியை நிறுத்தி இரவில் சார்ஜ் போட்டுவிட்டு எல்லோரும் தூங்குவது நமக்குச் சம்மதமில்லை. விழித்திருக்கும் நேரத்தில், வாசலை விட்டு ஒதுங்கிய சிமெண்டுத் தரையில் வைத்து ஏற்றுங்கள். பெட்டி உப்பியிருந்தாலோ, சீறும் ஓசை கேட்டாலோ, வார்னிஷ் போன்ற வாடை வந்தாலோ அணைக்கப் போராட வேண்டாம். பிள்ளைகளை முதலில் வெளியேற்றிவிட்டு 999ஐ அழையுங்கள்.

உண்மையிலேயே பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டதென்றால் அதை லயத்துக்குப் பின்னால் வீசிவிடாதீர்கள், ஓடையிலும் போடாதீர்கள். நம் ஓடைகள் மெர்போக் ஆற்றுக்குப் போகின்றன; அங்கே அலையாத்திக் காட்டில் நண்டும் மீனும் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பேட்டரிகளை ஈயமானாலும் லித்தியமானாலும் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் அபாயக் கழிவு வகையில் சேர்த்திருக்கின்றன. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். ஈயத்துக்கு விலை உண்டு. எடை போட்டு எவ்வளவு கழித்துக்கொள்வார்கள் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.