இருபத்தொரு நாள் கணக்கு

குதிரை வாங்குவதற்காகப் பாண்டிய மன்னன் கொடுத்த பொன்னுடன் மாணிக்கவாசகர் புறப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோவும் இக்குதிரை வாணிபத்தைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. நல்ல பெட்டைக் குதிரையையும் நல்ல ஆண் குதிரையையும் சேர்த்தாலும் இங்கே நோஞ்சான் குட்டியே பிறந்தது என்கிறார் அவர். பாண்டிய நாட்டுப் பொன் கடல் கடந்து போயிற்று.

நம் கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கத்துத் தொழுவங்களில் நாம் காண்பது பசுவைத்தான். எனினும் குதிரையின் கருப்பையைப் பற்றி அறிந்தால் நம் பசுவைப் பற்றியும் அறிந்தவர்களாவோம். இரண்டிற்கும் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள்தாம்.

ஹார்மோன் என்பது நாளமில்லாச் சுரப்பிகளில் ஊறி, இரத்தத்தின் வழியே உடலெங்கும் செய்தி கொண்டு செல்லும் தூதுவன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்புகிறது. உடனே சினைப்பையில் முட்டையைத் தாங்கிய நீர்க்கொப்புளம் வளர்கிறது. அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. இது கருப்பைக்கு இரத்தவோட்டத்தை மிகுவித்து, அதன் உட்சுவரை நீர் கோத்துத் தடிக்கச் செய்கிறது; கருப்பையின் வாயை இளக்கித் திறக்கிறது. குதிரையில் இப்பருவம் 5 முதல் 7 நாட்கள் நீடிக்கும். அது முடிவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் முட்டை வெளிப்படுகிறது.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் உடலம் என்னும் தசைத்திரள் தோன்றுகிறது. அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் வேறொரு வேலையைச் செய்கிறது. கருப்பையின் வாயை இறுக மூடுகிறது. உள்ளே கருவுக்கு ஊட்டம் தயாரிக்கச் செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் விருந்தாளிக்காகக் கதவைத் திறக்கிறதென்றால், புரோஜெஸ்டிரோன் கதவைத் தாழிட்டு அடுப்பை மூட்டுகிறது எனலாம்.

விருந்தாளி வரவில்லையானால் என்ன ஆகும்? ஏறத்தாழ 14, 15-ஆம் நாளில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து மஞ்சள் உடலத்தை அழித்துவிடும். சுழற்சி மீண்டும் தொடங்கும். ஆகவே கரு உருவாகியிருந்தால் அது "நான் வந்துவிட்டேன்" என்று அதற்கு முன்பே தாய்க்குத் தெரிவித்தாக வேண்டும். பசுவின் கரு நூல்போல நீண்டு, ஒரு புரதத்தைச் சுரந்து அச்செய்தியைச் சொல்கிறது. குதிரையின் கருவோ சிறு உருண்டையாகவே இருந்து, சுமார் 16-ஆம் நாள் வரை கருப்பை முழுவதும் உருண்டு திரிகிறது! இவ்வாறு மூலை முடுக்கெல்லாம் சென்று தன் வரவை அறிவித்த பிறகே ஓரிடத்தில் நிலைகொள்கிறது.

சுமார் 40-ஆம் நாளில் இன்னொரு புதுமை நிகழ்கிறது. கருவின் செல்கள் கருப்பைச் சுவரில் கிண்ணம் போன்ற அமைப்புகளை உண்டாக்கி ஒரு தனி ஹார்மோனைச் சுரக்கின்றன. அது சினைப்பையில் துணை மஞ்சள் உடலங்களைத் தோற்றுவிக்க, கர்ப்பத்திற்கு மேலும் காவல் கிடைக்கிறது. 1930-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்னும் இருவர் சினைக் குதிரையின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். பிற்காலத்தில் மாடு, ஆடுகளைப் பருவத்திற்குக் கொண்டுவரும் மருந்தாகவும் இது பயன்பட்டது. பின்னர் நஞ்சுக்கொடி காவற்பணியை ஏற்றுக்கொள்ள, ஏறத்தாழ 11 மாதங்களில் குட்டி பிறக்கிறது.

இனி நம் தொழுவத்திற்கு வருவோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் சுவைக்குப் பின்னால், காலத்தில் சினைப்பட்டுக் கன்று ஈனும் பசு நிற்கிறது. குதிரைக்குப் பல நாட்கள் நீடிக்கும் பருவம் பசுவுக்கு முக்கால் நாளுக்கும் குறைவுதான். காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி போடவேண்டும் என்பது நெடுநாளைய விதி. தவறவிட்டால் இன்னும் 21 நாட்கள் தீனிச் செலவு. பால் வருமானமும் அந்த அளவு தள்ளிப்போகும். கத்துவதையும், கண்ணாடிபோல் கோழை ஒழுகுவதையும், தீனி குறைவதையும் முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்களே. அவர்களுடைய கவனமே பல குடும்பங்களில் பள்ளிக் கட்டணமாகிறது.

இரண்டு மூன்று முறை சினை நிற்கவில்லையென்றால், "இது மலடு" என்று பசுவை விற்றுவிடுவோர் உண்டு. போதிய தீனியும் தாது உப்பும் இல்லாவிடில் சினைப்பை உறங்கிவிடும். கருப்பையில் கிருமி தங்கினால் கரு நிற்காது. ஊசி போட்ட நேரம் தவறினாலும் சினை பிடிக்காது. இவற்றுள் பலவற்றைக் கால்நடை மருத்துவர் சரிசெய்ய இயலும். குறை பசுவினுடையது என்று தீர்ப்பளிப்பதற்கு முன், குறை நம் பராமரிப்பிலா என்று பார்ப்பதே நியாயம்.

வாயில்லாப் பிராணியின் உடலுக்குள் இத்தனை தூதுவர்களை நாள் தவறாமல் நடமாட வைத்த இறைவனின் ஞானத்தை என்னென்பது! மாணவியரே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பசு கடைசியாகப் பருவத்திற்கு வந்த தேதியைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 21 நாட்களை எண்ணத் தொடங்குங்கள்.